பிள்ளை இல்லாதவரின் மாலை நேரம் யாருக்குச் சொந்தம்? நீக்குப்போக்கான வேலை ஏற்பாடு குறித்து ஒரு கேள்வி

கேள்வி: பதிவிட்டவர் 'சரக்குப்பிரிவு'

வணக்கம். சிங்கப்பூரில் சாங்கி வட்டாரத்தில் உள்ள ஒரு விமானச் சரக்கு நிறுவனத்தின் ஆவணப் பிரிவில் பணியாற்றுகிறேன். எனக்குத் திருமணமாகவில்லை. பெற்றோர் நலமாக இருக்கிறார்கள். அவர்கள் அண்ணன் குடும்பத்துடன் வசிக்கிறார்கள். ஆகவே, பராமரிப்புப் பொறுப்பு என்று சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இப்போதைக்கு எனக்கு இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவதற்குக் காரணம் உண்டு. இப்படி ஒரு கேள்வியைக் கேட்டால், "உங்கள் வீட்டில் நீங்கள் யாரைப் பார்த்துக்கொள்கிறீர்கள்?" என்றுதான் எல்லாரும் திருப்பிக் கேட்கிறார்கள். யாரையும் பார்த்துக்கொள்ளாத ஒருவருக்கு அலுவலக நேரத்துக்குப் பிறகு தன் நேரம் என்று ஒன்று இருக்கலாமா என்பதுதான் நான் அறிய விரும்புவது.

எங்கள் வேலையின் தன்மையைச் சற்று விளக்க வேண்டும். ஐரோப்பிய முகவர்கள் தங்கள் அலுவலகத்தைத் திறக்கும்போது இங்கே பிற்பகல் ஆகிவிடுகிறது. இரவு விமானத்தில் ஏற வேண்டிய சரக்கின் எடையையோ பெறுநரின் முகவரியையோ அவர்கள் கடைசி நேரத்தில் மாற்றினால், ஏர்வே பில் எனும் விமானச் சரக்கு ஆவணத்தைத் திருத்துவதோடு, டிரேட்நெட் எனும் சுங்க அனுமதிக்கான இணையத் தளத்தில் அனுமதியையும் திருத்தியாக வேண்டும்; அந்த அனுமதி வரும்வரை ஒருவர் கணினிமுன் இருந்தே ஆக வேண்டும். எனவே, மாலையில் யாராவது ஒருவர் இருப்பது இந்தத் தொழிலில் தவிர்க்க முடியாதது. அதைப் பற்றி எனக்குக் குறை இல்லை. அந்த 'யாராவது ஒருவர்' ஏறக்குறைய எப்போதும் நானாகவோ, என்னைப் போலவே பிள்ளை இல்லாத இன்னொரு சக ஊழியராகவோ இருப்பதுதான் என் குறை.

இப்படி ஒரு விதியை யாரும் எழுதி வைக்கவில்லை. பாலர் பள்ளி ஏழு மணிக்குள் மூடிவிடும் என்பதால் பெற்றோர்கள் ஐந்தரைக்குப் புறப்படுகிறார்கள், நியாயம்தான். ஜூன், டிசம்பர் பள்ளி விடுமுறைகளில் அவர்களுக்கே முதலில் விடுப்பு ஒதுக்கப்படுகிறது, அதையும் புரிந்துகொள்கிறேன். ஆனால், கிறிஸ்துமஸுக்கு முன்பும் சீனப் புத்தாண்டுக்கு முன்பும்தான் எங்களுக்குச் சரக்கு மலைபோல் குவியும் என்பதால், ஆண்டின் மிகக் கடினமான வாரங்கள் எங்கள் இருவர் தலையில் விழுகின்றன. தைப்பூசத்துக்குப் பொது விடுமுறை இல்லை. என் சொந்த விடுப்பை எடுத்துத்தான் போக வேண்டும். அதற்கு நான் விண்ணப்பித்தபோதுகூட, யாருடைய பிள்ளைக்காவது அன்று ஏதேனும் இருக்கிறதா என்று முதலில் விசாரித்தார்கள்.

அண்மையில் மாலை நேர வகுப்பொன்றில் சேர்ந்தேன். வாரத்தில் ஒரு நாள் வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதி கேட்டேன். மேலாளர் சிரித்த முகத்தோடு, "வீட்டில் பிள்ளைகள் இருப்பவர்களுக்கே நாள்கள் போதவில்லையே, பிறகு பார்க்கலாம்" என்றார். அந்த 'பிறகு' இன்னும் வரவில்லை.

என் குழுவில் உள்ள தாய்மார்கள் இருவர் என் நெருங்கிய தோழிகள். அவர்கள் இரவில் பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டு மீண்டும் மின்னஞ்சல் பார்ப்பதையும் அறிவேன். அவர்களிடமிருந்து எதையும் பறிக்க நான் கேட்கவில்லை. அவர்களுக்கு எதிராகப் பேசுபவளாக ஆகிவிடாமல் இதை மேலாளரிடம் எப்படி எழுப்புவது? நீக்குப்போக்கான வேலை ஏற்பாடு குறித்த நம் நாட்டு நெறிமுறைகளில் எனக்கு இடமிருக்கிறதா?

பதில் 1: 'பொங்கோல் அப்பா'

சகோதரி, எனக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவள் தொடக்கப்பள்ளியிலும் இளையவன் பாலர் பள்ளியிலும் படிக்கிறார்கள். நீங்கள் குறைகூறும் கூட்டத்தில் நானும் ஒருவன் என்பதால், அந்தப் பக்கத்து நிலவரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பெற்றோருக்குக் கிடைக்கும் அந்த ஐந்தரை மணி ஓய்வு நேரம் அன்று. பாலர் பள்ளியில் ஒரு பிள்ளைக்குக் கை, கால், வாய்ப்புண் நோய் வந்துவிட்டால், மருத்துவர் குணமாகிவிட்டது என்று சொல்லும்வரை அந்தப் பிள்ளையை அங்கே விட முடியாது. சட்டம் தரும் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு, பிள்ளை சிங்கப்பூர்க் குடிமகனாக இருந்து 7 வயதுக்கு உட்பட்டிருந்தால், ஆண்டுக்கு 6 நாள்கள். எத்தனை பிள்ளைகள் இருந்தாலும் அதே 6 நாள்கள்தான். கடைசிப் பிள்ளைக்கு 7 வயதாகிவிட்டால், 12 வயது வரை ஆண்டுக்கு 2 நாள்களாகச் சுருங்கிவிடும். பிள்ளை குடியுரிமை பெறாதவராக இருந்தால் தொடக்கத்திலிருந்தே 2 நாள்கள்தான். ஒரு முறை நோய் வீட்டுக்குள் நுழைந்து இரு பிள்ளைகளையும் பார்த்துவிட்டுப் போனால் ஆண்டுக் கணக்கு முடிந்தது. பிறகு எடுப்பதெல்லாம் எங்கள் சொந்த ஆண்டு விடுப்பு. கணவன், மனைவி இருவரும் ஒரே நாளில் விடுப்பு எடுத்து எங்காவது போய் வந்ததை யோசித்துத்தான் சொல்ல வேண்டும்.

இதையெல்லாம் சொன்ன பிறகும், உங்கள் மேலாளர் செய்வது தவறு என்றே எண்ணுகிறேன். பிள்ளையை அழைத்துவர நான் ஐந்தரைக்குப் புறப்படுவது என் தேவை. நான் புறப்பட்ட பிறகு மிஞ்சும் வேலையை யார் செய்வது என்பது நிர்வாகம் தீர்க்க வேண்டிய சிக்கல். அந்தச் சிக்கலை அவர்கள் தீர்ப்பதில்லை. அருகில் இருப்பவரிடம் தள்ளிவிடுகிறார்கள். அதன்பின் நீங்கள் என்னையும் நான் உங்களையும் பார்த்து முகம் சுளிக்கிறோம். மேலாளருக்கோ ஒரு வெள்ளி செலவில்லை.

எங்கள் அலுவலகத்தில் நடக்கும் ஒன்றைச் சொல்கிறேன். சிங்கப்பூரில் பல இடங்களில் இந்த வழக்கம் உண்டு என்பதால் உங்களுக்கும் தெரிந்திருக்கும். சீனப் புத்தாண்டுக்கு முதல் நாள் மாலை, குடும்ப விருந்துக்குச் சீன நண்பர்கள் முன்கூட்டியே கிளம்பிவிடுவார்கள். மலாய், இந்திய ஊழியர்கள் கவனித்துக்கொள்வோம். நோன்புப் பெருநாளுக்கும் தீபாவளிக்கும் அது திரும்பி வரும். யாரும் யாரையும் நொந்துகொள்வதில்லை, ஏனென்றால் தன் முறை வரும் என்று எல்லாருக்கும் தெரியும். பண்டிகைக்குக் காட்டும் அந்தக் கைமாற்று ஒழுங்கைப் பள்ளி விடுமுறைக்கு மட்டும் ஏன் காட்டுவதில்லை? நான் டிசம்பரில் இரண்டு வாரம் எடுத்தால், அதற்கு ஈடாகத் தைப்பூச வாரத்தையோ ஆகஸ்டில் நீங்கள் கேட்கும் வாரத்தையோ நான் ஏற்றுக்கொள்ள வேண்டும். இதை உங்கள் தோழிகளிடம் நேரடியாகச் சொல்லிப் பாருங்கள். என் அனுபவத்தில், பெற்றோர்களுக்கு இதில் மறுப்பு இருப்பதில்லை. யாரும் கேட்பதில்லை என்பதால் அவர்களும் பேசாமல் இருந்துவிடுகிறார்கள்.

பதில் 2: 'நேர்பேச்சு'

கசப்பாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டின் மொத்தக் கருவள விகிதம், அதாவது ஒரு பெண் சராசரியாகப் பெறும் பிள்ளைகளின் எண்ணிக்கை, 2023இல் 0.97ஆக இறங்கியது, 2024இலும் அதே 0.97. இந்தச் சூழலில் பிள்ளை வளர்ப்பவர்களுக்குச் சற்றுக் கூடுதலாகக் கிடைத்தால் மற்றவர்கள் அதைப் பொறுத்துக்கொள்வதே முறை. நாளைக்கு நமக்கு மருத்துவம் பார்க்கப்போவதும், நாம் ஏறும் பேருந்தை ஓட்டப்போவதும் இன்று அவர்கள் வளர்க்கும் பிள்ளைகள்தான்.

பதில் 3: 'மனிதவளப்பணி'

பல ஆண்டுகளாக மனிதவளத் துறையில் இருப்பவன் என்ற முறையில் சற்று விரிவாக எழுதுகிறேன். அதற்கு முன், 'நேர்பேச்சு' ஐயாவுக்கு ஒரு வார்த்தை: நாட்டின் தேவை பற்றி நீங்கள் சொல்வதை மறுக்கவில்லை. ஆனால், நாட்டின் தேவைக்கான செலவை நாடு முழுவதும் பகிர்ந்துகொள்ளலாம். ஒரு குழுவில் தற்செயலாகப் பக்கத்து மேசையில் அமர்ந்திருக்கும் ஒருவர் மட்டும் அதைத் தம் மாலை நேரத்தால் கட்ட வேண்டும் என்பது அதிலிருந்து பெறப்படும் முடிவு அன்று.

இனி சகோதரியின் கேள்விக்கு வருகிறேன். நீக்குப்போக்கான வேலை ஏற்பாட்டுக் கோரிக்கைகளுக்கான முத்தரப்பு வழிகாட்டி நெறிமுறைகள் 2024 டிசம்பர் 1 முதல் நடப்பில் உள்ளன. மனிதவள அமைச்சு, தேசியத் தொழிற்சங்கக் காங்கிரஸ், சிங்கப்பூர் தேசிய முதலாளிகள் சம்மேளனம் ஆகிய மூன்றும் சேர்ந்து வகுத்தவை அவை. பெற்றோருக்கோ பராமரிப்பாளருக்கோ மட்டும் என்று அவற்றில் எங்கும் இல்லை. தகுதிகாண் காலத்தை முடித்த எந்த ஊழியரும் முறைப்படி விண்ணப்பிக்கலாம். வேலை செய்யும் இடம், நேரம், வேலையின் அளவு ஆகிய மூன்றில் எதை மாற்றக் கேட்டாலும் அது இதில் அடங்கும். விண்ணப்பம் கிடைத்த 2 மாதங்களுக்குள் முதலாளி எழுத்துபூர்வமாக முடிவைத் தெரிவிக்க வேண்டும். மறுத்தால் காரணத்தையும் எழுத வேண்டும்.

அந்தக் காரணம் வேலையோடு தொடர்புடையதாக இருக்க வேண்டும் என்பதுதான் உங்களுக்கு முக்கியம். செலவு கூடும், உற்பத்தித்திறன் குறையும், அந்த வேலையின் தன்மைக்கு அது நடைமுறையில் ஒத்துவராது என்பவை ஏற்கத்தக்க காரணங்கள். நிர்வாகத்துக்கு இத்தகைய ஏற்பாடுகளில் நம்பிக்கை இல்லை, ஊழியர் தம் கண்முன் அமர்ந்திருப்பதையே மேலாளர் விரும்புகிறார், எங்கள் நிறுவனத்தில் இப்படி வழக்கமில்லை என்பவை ஏற்கத்தக்கவை அல்ல. "உங்களுக்குப் பிள்ளைகள் இல்லையே" என்பது வணிகக் காரணங்களில் எதனோடு சேரும்? சகோதரி வீட்டிலிருந்து டிரேட்நெட்டில் அனுமதியைத் திருத்த முடியுமா, முடியாதா என்பதுதான் ஆராயப்பட வேண்டியது.

ஆனால், நெறிமுறைகளிடம் அளவுக்கு மீறி எதிர்பார்க்காதீர்கள். கோரிக்கையை முறையாகப் பரிசீலிக்க வேண்டும் என்றுதான் அவை முதலாளியைக் கட்டாயப்படுத்துகின்றன, ஒப்புக்கொள்ளும்படி அல்ல. நியாயமான வணிகக் காரணத்தை எழுதி மறுத்துவிட்டால் அதற்கு மேல் பெரிதாகச் செய்ய முடியாது. முறையைப் பின்பற்றாத முதலாளிமீது புகார் எழுந்தால் அமைச்சு எச்சரிக்கை விடுக்கலாம், பயிலரங்குக்கு வரச் சொல்லலாம். அவ்வளவுதான். மேலும், நீங்கள் வாய்மொழியாகக் கேட்டதும் அவர் சிரித்துக்கொண்டே தள்ளிப்போட்டதும் இந்த நடைமுறைக்குள்ளேயே வரவில்லை. முறையான விண்ணப்பத்தில் தேதி, எந்த ஏற்பாடு, வாரத்துக்கு எத்தனை நாள், எப்போதிலிருந்து எப்போது வரை, என்ன காரணம் ஆகியவை இருக்க வேண்டும். "மாலை நேர வகுப்பு" என்று ஒளிவுமறைவின்றி எழுதுங்கள். அது எந்த வகையிலும் தாழ்ந்த காரணம் அன்று.

2025 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய வேலையிட நியாயத்தன்மைச் சட்டத்தைப் பற்றியும் சிலர் இங்கே கேட்கக்கூடும். திருமண நிலை, பராமரிப்புப் பொறுப்பு இரண்டும் அந்தச் சட்டம் பாதுகாக்கும் பண்புகளில் அடங்கும். ஆயினும் பணியமர்த்தல், செயல்திறன் மதிப்பீடு, பயிற்சி, பதவி உயர்வு, பணிநீக்கம் போன்ற முடிவுகளைத்தான் அது குறிவைக்கிறது. மாலையில் யார் இருப்பது என்ற அட்டவணையை அன்று. அதோடு, அது இன்னும் நடப்புக்கு வரவில்லை. 25 பேருக்குக் குறைவான ஊழியர்களைக் கொண்ட நிறுவனங்களுக்குத் தொடக்கத்தில் பொருந்தவும் பொருந்தாது. இப்போதைக்கு அதை மேசைமீது தூக்கிப் போட்டு மேலாளரை மிரட்டுவதால் பயனில்லை.

அதிகம் பேசப்படாத ஒன்றை இனிச் சொல்கிறேன். தந்தையர் விடுப்பு 2025 ஏப்ரல் 1 முதல் கட்டாயமாக 4 வாரங்கள் ஆகிவிட்டது. பெற்றோர் பகிர்ந்துகொள்ளும் விடுப்பு அப்போது 6 வாரங்களாகத் தொடங்கி, 2026 ஏப்ரல் 1 முதல் பிறக்கும் குழந்தைகளுக்கு 10 வாரங்களாகிறது. இவற்றுக்கான சம்பளத்தை வாரத்துக்கு 2,500 வெள்ளி வரை அரசாங்கம் முதலாளிக்கு ஈடுசெய்கிறது. குழந்தைப் பராமரிப்பு விடுப்பின் 6 நாள்களிலும் பின் 3 நாள்களுக்கு, நாளொன்றுக்கு 500 வெள்ளி வரை அரசாங்கமே தருகிறது. அதாவது, விடுப்பில் சென்றவரின் சம்பளம் பெரும்பாலும் நிறுவனத்துக்குத் திரும்பி வந்துவிடுகிறது. அந்த வாரங்களில் அவருடைய வேலையைச் சேர்த்துச் செய்தவருக்கு என்ன போகிறது? நான் பார்த்த நிறுவனங்களில் பெரும்பாலும் ஒரு நன்றி மின்னஞ்சல். தற்காலிக ஊழியரை அமர்த்தவோ, வேலையை ஏற்றவருக்குப் படி தரவோ அந்தத் தொகையைப் பயன்படுத்தலாம் என்ற யோசனையே பல நிர்வாகங்களுக்கு எழுவதில்லை. மேலாளரிடம் பேசும்போது இந்தக் கணக்கைக் காட்டுங்கள். "தாய்மார்களுக்கு ஏன் தருகிறீர்கள்?" என்ற பேச்சே அங்கே எழாது, "திரும்பி வந்த பணம் எங்கே போயிற்று?" என்ற பேச்சுதான் எழும்.

ஓர் எச்சரிக்கை. "எல்லாருக்கும் ஒரே மாதிரி வேண்டும்" என்று மட்டும் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். சோம்பேறித்தனமான நிர்வாகத்துக்கு அதை நிறைவேற்ற மிக எளிய வழி, எல்லாருக்கும் ஒரே மாதிரி மறுப்பது. அப்படி நடந்ததைப் பார்த்திருக்கிறேன். அதன்பின் பெற்றோரும் மற்றவரும் ஆண்டுக்கணக்கில் பேசிக்கொள்ளவில்லை.

பதில் 4: 'ஈசூன் தம்பி'

அக்கா, நானும் திருமணமாகாதவன்தான். ஆனால் என் நிலை வேறு. அம்மாவுக்குச் சிறுநீரகம் செயலிழந்து, வாரத்துக்கு மூன்று முறை ரத்தச் சுத்திகரிப்புக்குச் செல்கிறார். அண்ணனும் அக்காவும் இருக்கிறார்கள்; இருவருக்கும் பிள்ளைகள். அம்மாவை யார் அழைத்துச் செல்வது என்ற பேச்சு வந்தபோது, "உனக்கென்ன, குடும்பமா குட்டியா?" என்று வீட்டிலும் சொன்னார்கள். அலுவலகத்தில் என் மேலாளர் நினைப்பதும் அதைத்தான். ஆக, பிள்ளை இல்லாதவனின் நேரத்தை இரண்டு பக்கமும் கடன் கேட்கிறார்கள், இருவரில் எவரும் திருப்பித் தரும் எண்ணத்தில் இல்லை.

தனியார் நிறுவனங்களில் பெற்றோரைப் பராமரிப்பதற்கெனச் சட்டப்படி விடுப்பு எதுவும் இல்லை. பொதுச் சேவையில் இருப்பவர்களுக்கு ஆண்டுக்கு 2 நாள்கள் உண்டு. சில தனியார் நிறுவனங்களும் தாமாக முன்வந்து தருகின்றன. எங்கள் நிறுவனம் அவற்றில் ஒன்றல்ல. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அலுவலகத்தில் எல்லாருக்கும் புரிகிறது. மேசையில் பிள்ளையின் படமும் இருக்கிறது. அம்மாவுக்கு ரத்த அழுத்தம் இறங்கி, சுத்திகரிப்பைப் பாதியில் நிறுத்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று சொன்னால் ஒரு கணம் மௌனம் நிலவும், பிறகு "இன்று எத்தனை மணிக்குள் அனுப்புவீர்கள்?" என்று கேட்பார்கள்.

நெடுநாள் நான் அலுவலகத்தில் எதுவும் சொல்லவில்லை. சொன்னால் இரக்கப்படுவார்கள், பிறகு முக்கியமான வேலைகளிலிருந்து ஒதுக்குவார்கள் என்ற அச்சம். புதிய நெறிமுறைகள் வந்த பிறகு முறையாக எழுதிக் கொடுத்தேன். சுத்திகரிப்பு நாள்களில் காலை ஒன்றரை மணி நேரம் தாமதமாக வந்து, அதை மற்ற நாள்களில் ஈடுசெய்கிறேன் என்று கேட்டேன். ஒப்புக்கொண்டார்கள். ஆனால், அதன்பின் நடந்ததுதான் என்னைச் சங்கடப்படுத்தியது. அதுவரை என்னோடு சேர்ந்து மாலை வேலையைப் பகிர்ந்துகொண்டிருந்த, பிள்ளையும் இல்லாத, பெற்றோருக்கு நோயும் இல்லாத ஓர் இளைஞர்மீது முழுச் சுமையும் இறங்கியது. 'காரணம் உள்ளவர்கள்' பட்டியலில் நான் சேர்ந்துவிட்டேன். அவர் வெளியே நின்றார். எனவே, உங்கள் கேள்விக்கு 'பராமரிப்பு என்பதை விரிவாகப் பொருள்கொள்ளுங்கள்' என்று யாராவது பதில் சொன்னால் அது போதாது என்பேன். பட்டியலை எவ்வளவு நீட்டினாலும் அதன் கடைசியில் ஒருவர் நின்றுகொண்டுதான் இருப்பார்.

நாங்கள் கடைசியில் செய்தது இது. மாலை வேலையை 'மிச்சம்' என்று கருதாமல் தனி வேலையாக அட்டவணையில் எழுதினோம். மாதத்துக்கு எத்தனை மாலைகளில் ஆள் தேவை என்று முதலில் கணக்கிட்டோம். பிறகு அவற்றைக் குழுவில் உள்ள எல்லாருக்கும், பெற்றோர் உட்பட, சமமாகப் பிரித்தோம். ஒருவரால் முடியாத மாலையை மற்றொருவரிடம் கொடுக்கலாம்; ஆனால் அவருக்கு வேறொன்றைத் திருப்பித் தர வேண்டும். சிலர் காலை ஆறரை மணிச் சரக்கை எடுத்துக்கொண்டார்கள், சிலர் சனிக்கிழமை பாதி நாளை. பிள்ளைகள் உள்ள ஒரு தாயார், இரவு ஒன்பதுக்குப் பிறகு வரும் திருத்தங்களை வீட்டிலிருந்தே பார்ப்பதாகச் சொல்லி இரண்டு மாலைகளை அதோடு மாற்றிக்கொண்டார். மாலை வேலை செய்தவருக்கு மறுநாள் தாமதமாக வரும் உரிமை தானாகவே கிடைக்கும். யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. ஒவ்வொருவர் எதற்காக மாற்றிக்கொள்கிறார் என்று எவரும் சொல்ல வேண்டியதில்லை என்பது அந்த இளைஞர் வைத்த நிபந்தனை. அவர் மாலையில் உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகிறாரா, தூங்குகிறாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

எல்லாம் சீராக நடக்கிறது என்று சொல்ல மாட்டேன். பள்ளி விடுமுறை வந்தால் இன்னும் இழுபறிதான். ஆனால், யார் எவ்வளவு செய்தார் என்பது பலகையில் தெரிகிறது. அது தெரியத் தொடங்கியதும் மேலாளர் ஒருவரையே திரும்பத் திரும்ப அழைக்கத் தயங்குகிறார்.

பதில் 5: 'சரக்குப்பிரிவு' (கேள்வி கேட்டவர்)

அனைவருக்கும் நன்றி. 'பொங்கோல் அப்பா' சொன்னபடி முதலில் தோழிகள் இருவரிடமும் மதிய உணவின்போது பேசினேன். ஒருவர் உடனே ஒப்புக்கொண்டார். தைப்பூச வாரத்தைத் தாம் ஏற்பதாகவும், டிசம்பரில் தமக்குத் தேவைப்படுவது முதல் இரண்டு வாரங்கள் மட்டுமே என்றும், கிறிஸ்துமஸ் நெருக்கத்தில் வேலைக்கு வருவதில் தமக்குச் சிரமமில்லை என்றும் சொன்னார். இத்தனை ஆண்டுகளாக மாதம் முழுவதும் அவருக்கே என்று ஒதுக்கியது மேலாளர்தானே தவிர, அவர் கேட்டதில்லையாம். இன்னொருவர் சற்று முகம் வாடினார். அவருடைய கணவர் அடிக்கடி வெளிநாடு செல்பவர், வீட்டில் பணிப்பெண்ணும் இல்லை. மாலையில் ஒரு நாள்கூடத் தம்மால் இயலாது என்றார். அது உண்மை என்பது எனக்குத் தெரியும். ஆயினும், தம்பி சொன்னது போல இரவில் வீட்டிலிருந்து திருத்தங்களைப் பார்ப்பது முடியும் என்றார். ஆகவே, வீட்டிலிருந்து வேலை செய்வதற்கான என் கோரிக்கையும் அவருடைய ஏற்பாடும் ஒரே கேள்வியில் வந்து நிற்கின்றன: அனுமதித் திருத்தத்தை அலுவலகத்துக்கு வெளியே இருந்து செய்ய நிறுவனம் இடம்கொடுக்குமா? இருவரும் ஒரே நாளில் தனித்தனியாக விண்ணப்பிக்க எண்ணியிருக்கிறோம்.

'நேர்பேச்சு' ஐயாவின் கருத்தையும் சிந்தித்தேன். என் அண்ணன் பிள்ளைகளைப் பள்ளி விடுமுறையில் நான் பார்த்துக்கொண்டால் அது அவர் சொல்லும் நாட்டுக் கணக்கில் சேருமா என்று அவர்தான் சொல்ல வேண்டும். அதற்கும் எனக்கு டிசம்பரில் விடுப்புக் கிடைத்தாக வேண்டும்.

'மனிதவளப்பணி' ஐயாவிடம் இரண்டு சந்தேகங்கள். என் பதவி நிர்வாக நிலையில் இருப்பதால் மாலை நேரத்துக்குக் கூடுதல் ஊதியம் கேட்க முடியாது என்கிறார்கள், அது சரியா? தந்தையர் விடுப்புப் பணத்தைப் பற்றிப் பேசினால், 'சம்பளக் கணக்கு உங்களுக்கு எதற்கு?' என்று கேட்டுவிட மாட்டார்களா?

பதில் 6: 'மனிதவளப்பணி'

முதல் சந்தேகத்துக்கு: ஏறக்குறைய சரி. மிகைநேர ஊதியம், வேலை நேர வரம்பு ஆகியவை குறித்த வேலை நியமனச் சட்டத்தின் நான்காம் பகுதி, மேலாளர், நிர்வாகி நிலையில் இருப்பவர்களுக்குப் பொருந்தாது. மற்றவர்களுக்கும், உடலுழைப்புத் தொழிலாளர்கள் நீங்கலாக, மாத அடிப்படைச் சம்பளம் 2,600 வெள்ளிக்குள் இருந்தால் மட்டுமே பொருந்தும். ஆனால், 'நிர்வாகி' என்ற பெயர் அட்டையில் இருப்பதாலேயே ஒருவர் அந்த நிலையினர் ஆகிவிடுவதில்லை. உண்மையில் என்ன வேலை செய்கிறார் என்பதே பார்க்கப்படும். உங்கள் வேலை நியமனக் கடிதத்தையும் ஒருமுறை படித்துப் பாருங்கள். சில நிறுவனங்கள் சட்டம் கேட்காதபோதும் மாலைப் படி தருவதாக எழுதியிருக்கும். பொது விடுமுறை நாளில் வேலைக்கு வரச் சொன்னால் உங்கள் நிலையில் இருப்பவருக்கும் உரிமை உண்டு: கூடுதல் ஊதியமோ, வேறு ஒரு நாளோ, ஈடான ஓய்வு நேரமோ தரப்பட வேண்டும். அதை விட்டுக்கொடுக்காதீர்கள்.

இரண்டாவதற்கு: ஒருவருடைய சம்பளத்தைப் பற்றிப் பேசாதீர்கள். "அடுத்த ஆண்டு குழுவில் நீண்ட விடுப்புகள் வரும்போது ஈடுசெய்யப்படும் தொகையிலிருந்து தற்காலிக ஊழியரையோ வேலையை ஏற்பவருக்கான படியையோ பரிசீலிக்கலாமா?" என்று எதிர்காலத்தை முன்வைத்துக் கேளுங்கள். உங்கள் குழுவில் யாராவது குழந்தையை எதிர்பார்த்துக்கொண்டிருந்தால், அந்த விடுப்பு தொடங்கும் முன்பே கேட்பது நல்லது. வேலை முழுவதையும் நீங்கள் சுமந்து முடித்த பிறகு கேட்டால், எப்படியும் நடந்துவிட்டதே என்பார்கள்.

இருவரும் ஒரே நாளில் விண்ணப்பிப்பது நல்ல யோசனை. ஆனால், ஒரே வாசகத்தை நகலெடுத்து அனுப்பாதீர்கள். அவரவர் வேலையில் எந்தப் பகுதி வெளியிலிருந்து செய்யக்கூடியது என்று தனித்தனியாக எழுதுங்கள். மூன்று மாதச் சோதனை முறையாகத் தொடங்கலாம் என்ற வரியையும் சேருங்கள். நிரந்தரமாக ஒப்புக்கொள்ளத் தயங்கும் மேலாளர்கள் சோதனை முயற்சிக்கு இணங்குவதுண்டு. வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டாம். நிறுவனத்தில் அதற்கென்று படிவம் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் மேலாளருக்கும் மனிதவளப் பிரிவுக்கும் ஒரே மின்னஞ்சலில் அனுப்பி, அனுப்பிய தேதியைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். 2 மாதக் கெடு அன்றிலிருந்துதான் தொடங்கும்.